துணை நடிகரைச் சந்திக்க: சிங்கப்பூர் மேசையா, புக்கிட் ஜாலில் மேடையா, ஈப்போ கடைத் திறப்பா?

கதாநாயகனைப் பார்க்கப் போகிறவருக்குத் தூரம்தான் கவலை. மேடையிலிருந்து எத்தனையாவது வரிசை என்று விசாரித்துத்தான் டிக்கெட் வாங்குவார். துணை நடிகரைப் பார்க்கப் போகிறவர் எண்ண வேண்டியது நிமிடங்களை. இன்ஸ்பெக்டராக வருபவர், தாய்மாமனாக வருபவர், வில்லனுக்குப் பக்கத்தில் நின்று தலையாட்டுபவர், இவர்களைச் சுற்றி எட்டுப் பாதுகாவலர்கள் நிற்பதில்லை. கூட வருவது பெரும்பாலும் ஓர் உதவியாளர் மட்டும். சரியான இடத்தில், சரியான நேரத்தில் போய் நின்றால் நிதானமாகவே பேசுவார்கள். இடம் தவறினால் ஐந்நூறு வெள்ளி கொடுத்தாலும் பெரிய திரையில்தான் முகம் தெரியும்.

சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணத்திலிருந்து கிளம்புகிறவருக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். டிக்கெட் காசைவிட வழிச்செலவும் தங்கும் செலவும் இங்கே கூடுதல். சனிக்கிழமை ஷிப்ட் உள்ளவருக்குப் போகிற லீவும் காசுதான்.

முதலில், யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஆங்கிலத் தொடர்களிலும் விண்வெளிப் படங்களிலும் வரும் துணை நடிகர் என்றால் ரசிகர் மாநாடுதான் பாதை, அதாவது நடிகர்கள் மேசை போட்டு உட்கார்ந்து காசுக்குக் கையெழுத்துப் போடும் கூட்டம். கோடம்பாக்கத்துக் குணச்சித்திர நடிகர் என்றால் மாநாட்டில் தேடிப் பயனில்லை. சென்னையில் 2024 பிப்ரவரியில் முதல்முறையாக காமிக் கான் என்ற ரசிகர் மாநாடு நடந்தது. ஆனாலும் நம் குணச்சித்திர நடிகர்கள் மேசை போட்டு உட்கார்ந்து கையெழுத்து விற்பது அங்கே இன்னும் வழக்கமாகவில்லை. அவர்களைப் பிடிக்கும் இடங்கள் வேறு, அவை பின்னால் வருகின்றன. உள்ளூர்த் தொலைக்காட்சி நாடகத்தில் வருபவர் என்றால் ஒரு காசும் செலவு வேண்டாம். திருவிழா மேடைக்கோ பள்ளி நிகழ்ச்சிக்கோ அவரே பேராக்குக்கு வருவார், காத்திருங்கள்.

மாநாடு என்ற வியாபாரத்தைத் தாங்குவதே துணை நடிகர்கள்தான். 1972 ஜனவரியில் நியூயார்க்கில் ‘ஸ்டார் டிரெக்’ ரசிகர்கள் கூடிய காலத்திலிருந்து வளர்ந்து வந்த வழக்கம் இது. ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் உடம்பெல்லாம் ரோமத்தோடு சூபாக்காவாக வந்த பீட்டர் மேஹியூவும், தலைக்கவசத்தைக் கழற்றாமலே போபா ஃபெட்டாக வந்த ஜெரமி புல்லாக்கும் அந்த வேடங்களில் முகம் காட்டாதவர்கள். பல ஆண்டுகள் அவர்களை ரசிகர்கள் நேரில் பார்த்தது மாநாட்டு மேசைகளில்தான். பெரிய நட்சத்திரம் வந்தால் வரிசை மண்டபத்தைச் சுற்றிப் போகும், ஆளுக்குப் பத்து விநாடி கிடைக்கும். துணை நடிகரின் மேசையில் ஒரு நிமிடம் நிச்சயம், கூட்டம் குறைந்த நேரத்தில் மூன்று நிமிடம் வரை போகும். காசும் குறைவு. அமெரிக்க மாநாடுகளில் துணை நடிகர் கையெழுத்துக்குப் பொதுவாக 40 முதல் 80 டாலர் வாங்குவார்கள். முன்னணிப் பெயர்கள் 150-ஐத் தாண்டிவிடும். அறுபது டாலர் என்றால் நம் காசில் ஏறக்குறைய 250 வெள்ளி.

பேராக்கிலிருந்து எட்டக்கூடிய மாநாடு சிங்கப்பூர் காமிக் கான். டிசம்பர் தொடக்கத்தில் ஒரு சனி, ஞாயிறு, மரீனா பே சாண்ட்ஸ் கண்காட்சி மையத்தில் நடக்கும். பேஃப்ரண்ட் ரயில் நிலையத்தில் இறங்கி, வெயில் படாமலே உள்ளே நடந்து போய்விடலாம். கோலாலம்பூரில் டிசம்பரில் நடக்கும் காமிக் ஃபியஸ்டா பக்கம்தான், ஆனால் அதன் உயிர் அனிமேயும் ஓவியர்களும் வேடமிட்டு வரும் இளைஞர்களும். படத்தில் அத்தையாக நடித்தவரைத் தேடி அங்கே போனால் ஏமாற்றம்தான். ஸ்டார் வார்ஸ் பைத்தியங்களுக்கென்று தனியாக நடக்கும் ‘செலிபிரேஷன்’ 2025 ஏப்ரலில் ஜப்பானின் சிபா நகருக்கு வந்தது. அடுத்தது 2027-இல் லாஸ் ஏஞ்சலஸ் என்று அறிவித்துவிட்டார்கள், அது நமக்குக் கட்டுப்படியாகிற தூரமில்லை.

மாநாட்டில் நுழைவு டிக்கெட் உள்ளே போவதற்கு மட்டும். கையெழுத்து, புகைப்படம் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் காசு. இலவசமாகக் கிடைப்பது மேடைக் கலந்துரையாடல். கேள்வி கேட்கும் மைக் வரிசையில் முதல் ஐந்து பேருக்குள் நின்றால்தான் முறை வரும். முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் இடறுவது கையெழுத்தா, புகைப்படமா என்ற இடத்தில். தொழில்முறைப் புகைப்படம் என்பது திரை கட்டிய சின்ன அறை. பையை ஓரத்தில் வைத்துவிட்டுப் போகிறீர்கள், நடிகர் நிற்கிறார், பக்கத்தில் நிற்கிறீர்கள், பளிச் என்று விளக்கு, அடுத்தவர். பத்துப் பதினைந்து விநாடி. வெளியே வந்தால் சில நிமிடங்களில் எட்டுக்குப் பத்து அங்குலப் படம் அச்சாகி வந்துவிடும். அந்த அறையில் கையெழுத்தும் கிடையாது, பேச்சும் கிடையாது. ‘வணக்கம் சார்’ என்று முடிப்பதற்குள் உங்களை நகர்த்திவிடுவார்கள்.

கையெழுத்து மேசை அப்படியில்லை. நீளமான மேசையில் அச்சிட்ட படங்கள் நாலைந்து அடுக்கி இருக்கும். ஒரு முனையில் உதவியாளர் காசுப்பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். காசைக் கொடுத்து, படத்தைத் தேர்ந்தெடுத்து, மஞ்சள் ஒட்டுத்தாளில் பெயரை எழுதிக் கொடுத்தபின் நடிகர் முன்னால் போகிறீர்கள். அவர் மூடியைத் திறந்து, உங்கள் பெயரைப் படித்து, எழுத ஆரம்பிப்பதிலிருந்து மை காய்கிறவரை அந்த நேரம் உங்களுடையது. கையில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் கையெழுத்தையே எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். சில மேசைகளில் கூடுதலாகக் கொஞ்சம் கொடுத்தால் கைப்பேசியில் ஒரு செல்ஃபிக்கும் விடுவார்கள். அதை உதவியாளரிடம் முதலிலேயே கேட்க வேண்டும். நடிகரிடம் நேரடியாகக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது.

பெயர் விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். கலைச்செல்வி, இளஞ்சேரன் போன்ற பெயர்களைக் காதால் கேட்டு ஒரு வெள்ளைக்கார நடிகர் எழுதினால் என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை. வரிசையில் நிற்கும்போதே ரோமன் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். கையெழுத்து எங்கே விழ வேண்டுமோ அந்த இடத்துக்குப் பக்கத்தில் அந்தத் தாளை ஒட்டுங்கள். முகத்தின் மேலேயே எழுதிவிடும் ஆபத்தும் அதோடு போகும்.

சொந்தப் பொருளில் கையெழுத்து வாங்குகிறவர்கள் பேனாவில்தான் கோட்டை விடுகிறார்கள். பளபளப்பான படத்தில் பால்பாயிண்ட் பேனா மை பிடிக்காது, பள்ளம்தான் விழும். வெளிர் நிறப் படத்துக்குக் கறுப்பு அல்லது நீல நிரந்தர மார்க்கர், இருண்ட படத்துக்கு வெள்ளி நிறப் பெயிண்ட் மார்க்கர். பெயிண்ட் மார்க்கரை நன்றாகக் குலுக்கி, வேறொரு தாளில் நாலைந்து முறை அழுத்தி, மை சீராக வருகிறதா என்று பார்த்தபின் கொடுங்கள். புதுப் பேனாவை அப்படியே நீட்டினால் முதல் அழுத்தத்தில் சொட்டு விழுந்து படம் கெடும். எழுதி முடித்தபின் இரண்டு மூன்று நிமிடமாவது திறந்து வைத்துவிட்டுத்தான் உறைக்குள் போட வேண்டும். டிவிடி அட்டை என்றால் பிளாஸ்டிக்கின் மேல் வாங்காதீர்கள், உள்ளிருக்கும் தாளை முந்தின நாளே உருவி எடுத்துக்கொள்ளுங்கள். சுருட்டிய போஸ்டரை இரவு முழுதும் புத்தகங்களுக்கு அடியில் தட்டையாக்குங்கள், மேசையில் அது சுருண்டுகொண்டே இருந்தால் உங்கள் ஒரு நிமிடம் அதிலேயே போய்விடும்.

எந்த நேரத்தில் மேசைக்குப் போவது? பெரிய நட்சத்திரத்தின் கலந்துரையாடல் முதன்மை மேடையில் நடக்கும் நேரத்தில். பாதி மண்டபம் அங்கே போய்விடும், துணை நடிகர் மேசையில் ஆளிருக்காது. அட்டவணை வந்தவுடன் அந்த ஒரு மணி நேரத்தைக் குறித்து வையுங்கள். ஞாயிறு பிற்பகலிலும் கூட்டம் குறையும், ஆனால் விமானத்தைப் பிடிக்க நடிகர் முன்கூட்டியே எழுந்து போய்விடலாம். அதை நம்பி இருக்க வேண்டாம்.

என்ன பேசுவது என்பதற்கு ஒரே யோசனை: அவர் நடித்த ஒரு குறிப்பிட்ட காட்சியைச் சொல்லி, அதில் அவர் செய்த ஒரு சின்னக் காரியத்தைக் கேளுங்கள். அந்த இடத்தில் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை, அந்தக் கோப்பையை ஏன் இடது கையில் எடுத்தார், இந்த மாதிரி. ‘ஹீரோ நேரில் எப்படிப்பட்டவர்’ என்பது அவர்கள் நாள் முழுதும் கேட்டுச் சலித்த கேள்வி. கதை எழுதிய காகிதத்தையோ பென்டிரைவையோ நீட்டவே நீட்டாதீர்கள்.

இனி வழி. ஈப்போவிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானமும் உண்டு, மேரு ராயா அமான்ஜெயா முனையத்திலிருந்து இரவுப் பேருந்தும் உண்டு. பேருந்து மலிவு, ஆனால் டிசம்பரில் சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை. சோதனைச் சாவடியில் எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சனிக்கிழமை காலை மேசைக்கு வெள்ளிக்கிழமை இரவுப் பேருந்து ஏறுவது சூதாட்டம். வியாழன் இரவே ஏறுங்கள், இல்லையென்றால் சந்திப்பை ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். புதிதாக எடுக்க 200 வெள்ளி, அறுபது தாண்டியவர்களுக்கு 100. சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், போய்ச் சேருவதற்கு மூன்று நாளுக்குள்; அதற்குக் கட்டணமே கிடையாது, காசு கேட்கும் தளம் எதுவானாலும் போலி. மேசைக்குச் சிங்கப்பூர் டாலரை நோட்டாகவே கொண்டுபோங்கள். கூட்டத்தில் இணையம் படுத்துவிட்டால் வங்கி அட்டையும் வேலை செய்யாது.

மாநாட்டின் பெரிய ஓட்டை, நடிகர் வராமல் போவது. படப்பிடிப்புத் தேதி மாறியது என்று ஒரு வாரம் முன்னால், சில சமயம் இரண்டு நாள் முன்னால் அறிவிப்பு வரும். முன்பதிவு செய்த புகைப்படக் காசு திரும்பும். நுழைவு டிக்கெட், விமானம், தங்குமிடம் எதற்கும் யாரும் பொறுப்பில்லை. அதனால் ஒரே ஒருவருக்காகப் போகாதீர்கள். பார்க்க விரும்பும் விருந்தினர் இரண்டு பேராவது பட்டியலில் இருந்தால் மட்டும் கிளம்புங்கள்.

அடுத்தது நட்சத்திர விழா. 2018 ஜனவரி 6-இல் தென்னிந்திய நடிகர் சங்கம் தன் கட்டட நிதிக்காக புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் விழா எடுத்தது பலருக்கு நினைவிருக்கும். எண்பத்தைந்தாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் அரங்கம் அது. அங்கே துணை நடிகர்கள் கும்பலாக மேடையேறி, ஒரு பாட்டுக்கு ஆடி, கும்பலாக இறங்கிப் போவார்கள். கொண்டாட்டத்துக்குப் போவதென்றால் தாராளமாகப் போங்கள், அந்த ஆரவாரம் வேறெங்கும் கிடைக்காது. ஒரு குணச்சித்திர நடிகரிடம் இரண்டு வார்த்தை பேசுவதற்கென்றால் இருப்பதிலேயே மட்டமான வழி இதுதான்.

போகும் வழி சுலபம். சுங்கை சிப்புட் நிலையத்திலேயே இடிஎஸ் ரயில் நிற்கும், கோலாலம்பூர் சென்ட்ரலுக்கு மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய ஆகும். அங்கிருந்து பண்டார் தாசிக் செலாத்தான் வந்து ஸ்ரீ பெட்டாலிங் தட எல்ஆர்டி மாறினால் இரண்டாவது நிலையம் புக்கிட் ஜாலில். வரும் வழிதான் தலைவலி. விழா முடியும் நேரத்துக்கு வடக்கே போகும் ரயில் இருக்காது. பேருந்து முனையத்தில் இரவுப் பேருந்தைப் பிடித்து அமான்ஜெயாவில் விடியற்காலை இறங்கினாலும், அங்கிருந்து வீட்டுக்கு கிராப் காடிதான். நாலு பேர் சேர்ந்து ஒரு காடியில் போய் வருவது மேல், ஓட்டுகிறவர் மட்டும் தூங்கி எழுந்தவராக இருக்கட்டும்.

விழாக்களோடு சேர்த்து ‘நட்சத்திரச் சந்திப்பு’ என்று ஒரு பொட்டலமும் விற்பார்கள். காசு கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள். எந்த நடிகர், பெயர் எழுத்தில் இருக்கிறதா? ‘முன்னணி நட்சத்திரங்கள்’ என்று மட்டும் இருந்தால் யாரை வேண்டுமானாலும் கொண்டுவந்து நிறுத்தலாம். தனிப்படமா, குழுப்படமா? பெரும்பாலும் நடிகரை நாற்காலியில் உட்கார வைத்துப் பத்துப் பேரைப் பின்னால் நிறுத்துகிற படம்தான். மூன்றாவது, புஸ்பால் அனுமதி வந்துவிட்டதா? வெளிநாட்டுக் கலைஞர் இங்கே மேடையேற அந்த அமைப்பின் ஒப்புதல் வேண்டும். அது கைக்கு வருமுன்னே டிக்கெட் விற்கும் ஏற்பாட்டாளர்கள்தான் கடைசி நேரத்தில் தேதி மாற்றுகிறவர்கள். சொன்னபடி நடக்காமல் காசும் திரும்பாவிட்டால் மலேசிய நுகர்வோர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீது, விளம்பரப் படம், வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் அழிக்காமல் வைத்திருந்தால் போதும்.

கோடம்பாக்கத்துத் துணை நடிகருக்குச் சரியான இடம் கடைத் திறப்பும் திரையரங்கு வருகையும். தீபாவளிக்கு முந்தைய ஆறேழு வாரங்களில் ஈப்போ லிட்டில் இந்தியா, கிள்ளான் தெங்கு கிளானா சாலை, பிரிக்பீல்ட்ஸ் என்று துணிக்கடை, நகைக்கடை, உணவகத் திறப்புகள் வரிசையாக வரும். கதாநாயகனை அழைக்க எல்லாக் கடைக்காரருக்கும் கட்டாது. நகைச்சுவை நடிகர், சின்னத்திரை மாமியார், படத்தில் அப்பாவாக வருபவர், இவர்களைத்தான் அழைப்பார்கள். நுழைவு இலவசம். நூறு இருநூறு வெள்ளிக்குப் பொருள் வாங்கினால் படம் எடுக்கலாம் என்று நிபந்தனை போடுவதும் உண்டு. தீபாவளிக்கு எப்படியும் துணி எடுக்கப் போகிறவருக்கு அது செலவே இல்லை.

விளம்பரத்தில் காலை 11 என்று போட்டிருந்தால் ரிப்பன் வெட்டும்போது மணி ஒன்றாகியிருக்கும். முதல் அரை மணி நேரம் கடை முதலாளி குடும்பம், அரசியல் பிரமுகர், காணொளிக்காரர்கள். அந்த நெரிசலில் போய் இடிபடுவதில் அர்த்தமில்லை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் ஆபத்தும்கூட. கடைப் பணியாளரிடம் ‘எத்தனை மணிக்கு வர்றாரு’ என்று கேட்காமல் ‘எத்தனை மணிக்கு உட்காருவாரு, எங்க சாப்பிடுவாரு’ என்று கேளுங்கள். சாப்பாட்டுக்குப்பின் மாடியிலோ கல்லாப் பக்கத்திலோ நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் நடிகருக்கே பேச ஆள் தேவைப்படும். சாப்பிடும்போது மட்டும் கிட்டே போகாதீர்கள்.

பாத்திரப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது பலருக்குப் பிடிக்காது. ‘சார்’ போதும், வயதான நடிகை என்றால் ‘அம்மா’. வில்லன் வசனத்தைப் பேசிக் காட்டச் சொல்லிக் கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடிப்பது அநாகரிகம், அதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

திரையரங்கு வருகை இன்னும் சுருக்கம். படம் வெளியாகும் வாரத்தில் நடிகர்கள் காட்சி முடிந்தவுடன் மண்டபத்துக்குள் வந்து ஐந்து நிமிடம் பேசிவிட்டு அடுத்த அரங்குக்கு ஓடுவார்கள். நடைபாதை ஓர இருக்கை எடுத்தால் கை குலுக்கலாம். டிக்கெட்டை ரசிகர் மன்றங்கள் மொத்தமாக வாங்கிவிடுவதால் மன்றத்து ஆள் ஒருவரைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

சென்னைக்கே போய்ப் பார்ப்பது என்பது, வேறு காரியத்துக்குப் போகும்போது கூடவே வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று. படப்பிடிப்புத் தளத்துக்கு வெளியே நிற்பதில் பலனில்லை. மேடை நாடகத்திலும் நடிக்கும் குணச்சித்திர நடிகர்கள் உண்டு. நாடகம் முடிந்து ஒப்பனை கலைக்கும்போது நாடக சபாவின் பின்வாசலில் சுலபமாகப் பேசலாம். கடிதம் எழுதுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: பதிலுக்கு வைக்கும் உறையில் மலேசியத் தபால்தலை ஒட்டினால் சென்னையில் செல்லாது, இந்தியத் தபால்தலை வேண்டும். காசு கட்டி வாழ்த்துக் காணொளி வாங்கும் ஏற்பாடு 2017-இல் ‘கேமியோ’ தொடங்கியதிலிருந்து பரவலாகிவிட்டது. நடமாட முடியாத பாட்டிக்குப் பிறந்தநாள் பரிசாக அது அருமை. சந்திப்புக்கு ஈடாகாது.

ஆக, தமிழ்ப் பட நடிகர் என்றால் செப்டம்பர் முதலே ஈப்போ, கிள்ளான் கடைகளின் முகநூல் பக்கங்களைப் பார்த்து வையுங்கள். காலையில் கிளம்பி மாலையில் வீடு திரும்பிவிடலாம், வயதான அம்மாவையும் கூட்டிப் போகலாம். ஆங்கிலத் தொடர் நடிகர் என்றால் சிங்கப்பூர், கையெழுத்து மட்டும், ஞாயிறு காலை. பிள்ளைகளோடு போகிற குடும்பத்துக்கு மட்டும் கையெழுத்தைவிடப் புகைப்படம் லாபம், ஏனென்றால் ஒரே கட்டணத்தில் இரண்டு பெரியவரும் ஒரு பிள்ளையும் நிற்க அனுமதிப்பது பல இடங்களில் வழக்கம். முன்பதிவுப் பக்கத்தில் எத்தனை பேர் என்று போட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கி வந்த படத்தை லேமினேட் செய்யாதீர்கள், சூட்டில் மார்க்கர் மை பரவிவிடும். நம் ஊர் ஈரக்காற்றில் படம் நேரே கண்ணாடியில் பட்டால் ஒட்டிக்கொண்டு பிறகு உரியும். இரண்டுக்கும் நடுவில் அட்டை விளிம்பு வைத்துச் சட்டம் போடச் சொல்லுங்கள், வெயில் விழாத சுவரில் மாட்டுங்கள்.